காரணம்

"சிறு வயதிலிருந்தே வரலாற்றின் மீது எனக்கு"
அழித்தேன்.
சிறு வயதில் எனக்குப் பிடித்தது
மைலோ டின்னின் அடியில் ஒட்டிய தூள்.

ஆயிரம் சொற்களுக்குள் சொல்ல வேண்டுமாம்,
ஏன் இந்தப் படிப்பு, ஏன் நான்.
சிலிம் ரிவர் மாமாக் கடையில்
மூன்றாவது தே ஓ ஆறிக்கொண்டிருக்கிறது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
மேசை நடுங்குகிறது.
கர்சர் அதே இடத்தில் துடிக்கிறது.

நடந்தது இவ்வளவுதான்:
தோட்ட ஆபீசை இடிக்கும் முன்
குப்பை அள்ளப் போனவர்களில் நானும் ஒருத்தி,
நாளுக்கு எழுபது வெள்ளி.
கரையான் மிச்சம் வைத்த செக்ரோல் புத்தகத்தில்
மார்ச் பதினொன்று. ஆண்டைத் தின்றுவிட்டது.
பெரட்டுக்கு வராதவர்கள் முப்பத்தொரு பேர்.
காரணம் என்ற கட்டத்தில்
கிராணியின் சாய்ந்த கையெழுத்து
முப்பத்தொரு முறையும்
சோம்பல்.
மறுநாள் எல்லோரும் வந்திருக்கிறார்கள்,
அங்கம்மா தவிர.

ஒரே நாளில் முப்பத்தொரு பேருக்குச்
சோம்பல் எப்படித் தொற்றும்?

இதை 'ஆய்வு இடைவெளி' என்று மாற்றச் சொல்கிறாள் ஃபெலிசியா.
போன வருஷம் இடம் கிடைத்தவள்,
தெரிந்துதான் சொல்வாள்.
மாற்றினேன்.
பத்தியிலிருந்து அங்கம்மாவைக் காணோம்.
பழையபடி எழுதினேன்.
நாற்பது சொல் அதிகம். இருக்கட்டும்.

இன்று மில்லுக்குப் போகவில்லை.
லீவு பாரத்திலும் காரணம் கேட்டிருந்தது.
காய்ச்சல் என்று
நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்,
கொஞ்சம் சாய்த்து.