ஐந்தரை மணித்தியாலம்

கிளிநொச்சி, நீர்ப்பாசனக் கட்டடம், பின்னறை.
கார்த்திகைக் கடைசி.
வாகீசன் கட்டாருக்குப் போகமுதல்
கடவுச்சொல்லைப் பால்மாப் பெட்டி மட்டையில் எழுதித்
திரையின் முதுகில் ஒட்டியிருந்தான்.
வேறொன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

வேண்டியதை ஒரு வரியில் கேட்கவேண்டும்:
எந்த மாதிரி, எத்தனை மணி ஓட்டம்,
வடக்கே எட்டுப் பாகையிலிருந்து பத்து,
கிழக்கே எண்பதிலிருந்து எண்பத்திரண்டு.
வருவதை எங்கே வைப்பதென்று அடுத்த வரி.
நடுவில் டாப் ஒன்று.
எட்டு இடைவெளி தட்டினாலும் ஏற்காது.
கண்ணுக்கு இரண்டும் ஒரே வெறுமை,
அதைக் கண்டுபிடிக்கத்தான் நேற்றைய பகல் போனது.

இன்று இணைப்பு உயிரோடு.
அனுப்புகிறார்கள், கம்பியில் வருகிறது,
பச்சை விளக்கு மினுங்குகிறது.
பெட்டிக்குள் ஒன்றுமில்லை.
பதிவேட்டில் மட்டும் ஒரே வசனம், ஆயிரந்தரம்:
மிகப் பழையது, தள்ளிவிட்டேன்.
மிகப் பழையது, தள்ளிவிட்டேன்.

இரணைமடு வான்கதவடியிலிருந்து
நாயகம் அண்ணை எடுக்கிறார்.
"முப்பத்தஞ்சரை அடி. படம் வந்துதோ?"
வரேல்லை அண்ணை.
"ராடர்?"
அதுவும் வரேல்லை.
"இஞ்ச ஒரு பொட்டுத் தூறலும் இல்லை.
தெற்கால மட்டும் கறுத்துக் கிடக்கு."

ராடரை நான் முழுதாய் நம்புவதுமில்லை.
கடலுக்கு அங்கால் நிற்கும் கோபுரம் அது.
கதிர் நேரே போகிறது, பூமி வளைந்து போகிறது,
எங்களிடம் வரும்போது மூன்றரைக் கிலோமீற்றர் உயரம்.
அதற்குக் கீழே பெய்வதெல்லாம்
அதன் கணக்கில் பெய்யாத மழை.
மாதிரிக்கோ மாவட்டமே இரண்டு சதுரம்.
குளமும் முறிகண்டிப் பிள்ளையாரும் இந்த அறையும்
ஒரே சதுரம், ஒரே எண்.

இந்த வானத்தைக் காதால் பார்த்த ஆக்கள் நாங்கள்.
வண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது,
பின்னால் கிபிர் வருமா,
பங்கருக்குள் இருந்தபடி சொல்லுவேன். ஒன்பது வயது.
ஒருநாளும் பிழைத்ததில்லை.
இப்போது வானம் எண்ணாக வாசலுக்கே வருகிறது,
என் இயந்திரம் திருப்பி அனுப்புகிறது.

தேத்தண்ணிக்கு எழும்பியபோது
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலேகால்.
திரையைப் பார்த்தேன். நாலேகால்.
அதுதான் பிழை.
திரை சொல்லவேண்டியது கிறின்விச் நேரம், பத்தேமுக்கால்.
வாகீசன் நல்ல மனதோடுதான் செய்திருப்பான்,
எங்கள் நேரத்தை வைத்து
கிறின்விச் என்று பெயர் போட்டிருக்கிறான்.
ஆக இந்தப் பெட்டி உலகத்துக்கு
ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்தது.
இப்போதுதான் பிறந்த முகிலும் அதற்குப் பழைய முகில்.
ஒரு மணித்தியாலம் கடந்ததை வாங்காதே என்பது விதி.
பாவம், அது விதியை மீறவில்லை.

ஒரு கட்டளை. நேரம் பின்னால் போனது.
வரிசையை வெறுமையாக்கி மறுபடி தொடக்கினேன்.

பிறகு வந்தது பாருங்கள்,
கோப்புக்கு மேல் கோப்பு,
தட்டு நாற்பது வீதம், எழுபது,
விசிறி கத்தத் தொடங்கியது.
முதல் படம் மேலிருந்து மெல்ல விரிந்தது.
எங்கள் சதுரம் ஊதா.
நள்ளிரவுக்குள் நூற்றெண்பத்திரண்டு மில்லிமீற்றர்.

அண்ணைக்கு எண்ணைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் காற்றுச் சத்தம்.
"சதுரமெண்டால் எங்கட குளமோ, அங்கால காடோ?"
தெரியாது அண்ணை. ரெண்டும்தான்.

எஞ்சினியர் இரண்டு கதவு என்றார், ஆறு அங்குலம்.
அறிவிக்கவேண்டிய ஊர்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றன.
பன்னங்கண்டி. ஊரியான். கண்டாவளை.
முரசுமோட்டையைக் கடைசிக்கு விட்டேன்.
அங்கே மச்சாள் தர்மினி குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர்,
பசளை எறிந்து இன்றைக்கு மூன்றாம் நாள்.

"வடிவாத் தெரியுமோ?" என்றாள்.
திரையைப் பார்த்தேன். ஊதா.
யன்னலால் பார்த்தேன்.
காவலாளி கொடியில் காயப்போட்ட சேட்டு
கையைக்கூட ஆட்டவில்லை.
மாட்டை மேட்டுக்கு ஏத்து என்றேன்.