பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே

சிலோயே தீவில்
வீடு மாற்றுவது என்றால் வீட்டையே மாற்றுவது.
அடியில் மரத்தண்டு செருகி,
எருதுகளைப் பூட்டி,
ஊர் கூடி வடம் பிடித்து,
ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் கடலில் இறக்கி
அக்கரை சேர்ப்பது.
ஜன்னல் திரையைக்கூடக் கழற்றாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.
கூலி கிடையாது.
உருளைக்கிழங்கு ரொட்டி, ஆட்டுக்கறி,
அடுத்த முறை நான் வருகிறேன் என்கிற ஒரு சொல்.

அதைப் பற்றி ஒரு படப்புத்தகம்
எங்கள் நூலகத்தில் உண்டு.
நூலகம் என்றால் பழைய மீன் கிடங்கு.
ஒரு விறகடுப்பு, நான்கு அலமாரி.
வாசலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ் எத்தனை ஜோடியோ
அத்தனை வாசகர்கள் உள்ளே.

பன்னிரண்டாம் பக்கத்தில் வீடு மலைமேல் இருக்கிறது.
எதிரே பதினைந்தாம் பக்கத்தில்
கடலோரம் வந்துவிட்டது,
புகைபோக்கியில் புகையோடு.
நடுவில் ஒரு தாள் இல்லை.

யார் கிழித்தது என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.
மறுநாள் வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் குறைந்திருக்கும்.

மழைநாளில் சத்தமாக வாசிக்கும்போது
அந்த இடத்தில் நிறுத்துவேன்.
எப்படி வந்தது வீடு?

காற்று தள்ளிச்சு என்றான் பால்தசார்.
திமிங்கலம், முதுகில வச்சு, என்றாள் யானாரா.
வீட்டுக்குக் கடல் பாக்க ஆசை,
அதுவே சறுக்கி வந்துடுச்சு
என்றது மூக்கொழுகும் ஒரு நாலு வயது.

எலியாசர் மட்டும்
அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்:
"யாரும் வரல.
அந்த வீட்டு அம்மா மட்டும் இழுத்தாங்க.
ராத்திரி முழுக்க."

ஈர விறகு சீறியது.

அவர்கள் வந்தது போன மார்ச்சில்,
பெருநிலக் கரையிலிருந்து,
படகில் இரண்டு மெத்தையோடு.
கோடிவீட்டில் இருக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அவ்வளவுதான் தெரிந்துகொண்டேன் என்பது சரி.

யானாரா வீட்டில் எருது உண்டு.
"உங்க வீட்டுக்கு எத்தனை எருது வேணும்?"
"வீடு எங்கயும் போக வேணாம்.
கூரைதான்.
என் கட்டிலுக்கு மேல ஒழுகுது."
"அதுக்கு ஏணியே போதுமே" என்றாள் அவள்,
கொஞ்சம் ஏமாற்றமாக.

சனிக்கிழமை பதினோரு பேர் போனோம்.
அதில் ஏழு பேர் கூரை ஏறத் தடைசெய்யப்பட்ட வயது.
நான் ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
வேறெதற்கும் லாயக்கில்லாமல்.
ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை அவன் அம்மா ஒத்திலியா.
பிறகு கெண்டியோடு வந்தாள்.
வீட்டில் இருந்தது மூன்றே கோப்பை.
அவை கை மாறிக் கை மாறிச் சூடு குறையாமல் சுற்றின.
அவள் நன்றி சொல்லவில்லை.
ஆட்கள் இறங்கும்போது
ஏணியின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பதிப்பகத்துக்கு நான் முன்பே எழுதியிருந்தேன்.
ஆறு வாரம் கழித்து
உறையில் வந்தது காணாமல்போன தாள்.
அழகான படம். நாற்பது பேர், கொடிகள்,
எருதுகள்கூடச் சிரிக்கின்றன.
மழை மட்டும் ஒரு துளி இல்லை.
மேஜை அறையில் போட்டுப் பூட்டினேன்.

ஏனென்றால் அதற்குள் புத்தகத்தில் வேறொன்று ஏறியிருந்தது.
வரைந்தவர்கள் எல்லோரும்.
வீட்டைத் தாண்டி வானத்தில் முட்டும் ஏணி,
பக்கம் முழுக்க நீலக் கோடாக மழை,
ஜன்னலில் கெண்டியோடு ஒருத்தி,
ஓரத்தில் ஒரு திமிங்கலம்
(யானாரா விட்டுக்கொடுக்கவில்லை).

ஒட்டும் வேலையை எலியாசர் கேட்டு வாங்கிக்கொண்டான்.
கிழிந்த விளிம்பு தையலுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று
நான் காட்டுவதற்கு முன்பே
அவன் விரல் அங்கே போய் நின்றது.

நான் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனேன்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
விறகு எடுத்தேன்.