சேத விபரம்

கிளைகளில் குழு உணர்வு குறைவாம்,
வெளியே கூட்டிப்போய் வளர்க்கச் சொல்லிக்
கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.
திருகோணமலைக் காப்புறுதிக் கிளையின் ஐந்துபேர்
திரியாய்க்குப் போனோம், வளர்க்க.
வாடகை வான் ஒன்று. கூடாரம் இரண்டு.
ஒன்றுக்குக் கம்பி இல்லை.

குளக்கட்டின் கீழ் எங்களை இறக்கிய சாரதி
"இது அவையள் தண்ணிக்கு இறங்கிற பாதை" என்றான்.
எவையள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
வெள்ளைக்காரர் என்று நினைத்தாராம்
முகாமையாளர் குகனேசன்.
பிறகு சொன்னார், மரத்தில் வைத்து.

மத்தியானமே மந்திகள் வந்து பாணைக் கொண்டுபோயின.
சீனிப் போத்தலைத் திருகித் திறந்த ஒன்றைப் பார்த்து
"எந்தப் பக்கம் திருகினது?" என்று கேட்டான் றிப்கான்;
காலையிலிருந்து அவனால் திறக்க முடியாத மூடி அது.
சுலக்சனாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்ட இன்னொன்று
சாரத்தோடு வெற்றுமேலாய் நின்ற குகனேசனை
மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தது.
கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

பொழுதுபட,
கம்பி இருந்த கூடாரத்துக்குள்
ஒரு கபறக்கொய்யா போய்ப் படுத்துக்கொண்டது.
நாவை நீட்டி, நாவை இழுத்து,
முற்பணம் கட்டியவர் போல ஓர் அமைதி.
டெரன்ஸ் விசிலடித்தான். சட்டியைத் தட்டினான்.
ஆங்கிலத்தில் ஏசியும் பார்த்தான்.
அது கண்ணை மூடியது.
கம்பியில்லாத கூடாரத்தைப் போர்வையாக இழுத்து
ஐந்துபேரும் அதன்கீழ் கிடந்தோம்.

பத்தரை இருக்கும்.
தவளைகள் திடீரென்று நிறுத்திவிட்டன.
"ஆரோ அரிசிச் சாக்கை இழுக்கினம்" என்றாள் சுலக்சனா.
டோர்ச் அடித்தோம்.
வெளிச்சம் ஒரு காலில் பட்டது. மேலே போனது.
மேலே போனது. இன்னும் மேலே போனது.
முடியவில்லை.

பாலைமரத்தில் எப்படி ஏறினோம் என்று தெரியாது.
மாடிப்படி ஏறக்கூடாதென்று
வைத்தியச் சான்றிதழ் வைத்திருக்கும் குகனேசன்
எல்லோருக்கும் மேலே இருந்தார்.
அங்கே ஒரு முசுறுக் கூடு இருந்தது. அது தனிக் கதை.

டெரன்ஸிடம் யானைவெடி மூன்று இருந்தன,
குளத்தில் கால் கழுவப்போய் நனைந்த மூன்று.
கொளுத்திப் போட்டான். புஸ் என்றது.
அலியன் காதை விரித்து,
அவ்வளவுதானா என்று கொஞ்சநேரம் காத்து நின்றது.
பிறகு அரிசிக்குத் திரும்பியது.
அரிசி முடிய உப்பு. உப்பு முடிய
குழு உணர்வுப் பயிற்சிக் கையேடு, ஐந்து பிரதி.
பூசணிக்காயைக் காலால் மெல்ல உடைத்த விதத்தில்
ஒரு சமையற்காரப் பக்குவம்.
கூடாரம் இழுபட்டபோது கபறக்கொய்யா
வீடு மாறுகிறவர் மாதிரி இறங்கி நடந்தது.

"பிள்ளையாரே, பிள்ளையாரே" என்றார் மேலிருந்து குகனேசன்.
"சேர், கூப்பிடாதேங்கோ" என்றான் றிப்கான்,
"கிட்ட வருது."

விடிய, உழவு இயந்திரத்தில் பாக்கியராசா வந்தார்.
மரத்தடியில் நிறுத்தி அண்ணாந்தார்.
என்னை அடையாளம் கண்டார்.
போன மாசியில் அவருடைய கச்சான் கொட்டிலை
இதே அலியன் பிரித்தபோது
"வனவிலங்கு. பிரிவு பதினாலு. பொருந்தாது" என்று
சிவப்புப் பேனையால் எழுதியவன் நான்.

"படம் எடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.
"கிராம அலுவலற்றை கடிதம்?
ரெண்டு சாட்சி? சொந்தக்காரர் இல்லாத சாட்சி?"
நான் கழுத்தில் முசுறு தட்டிக்கொண்டிருந்தேன்.
"சரி, இறங்குங்கோ. அது அங்கால போட்டுது" என்று
பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

புல்மோட்டை வீதிவரை ஒருவரும் பேசவில்லை.
காலடியில் கச்சான் கோது நொறுங்கிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை குகனேசன் கொழும்புக்கு எழுதினார்:
குழு உணர்வு திருப்தி.
ஊழியர் ஐவரும் இரவு முழுவதும் ஒரே கிளையில் இருந்தோம்.

நான் பாக்கியராசாவின் கோவையைத் தேடி எடுத்தேன்.
சிவப்பு மை நன்றாகவே காய்ந்திருந்தது.
பிரிவு பதினாலின் மேல்
ஒரு முசுறு ஊர்ந்தது,
என் சட்டைக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.