பொருள்: கரண்ட் வந்தது

எத்திராஜ் என்ற பெயரை வெற்றிலையோடு மென்று
ஏ தெய்ன் என்று துப்பினான் கேசட் முதலாளி.
அட்டையில் அதுதான் வந்தது.
படத்தில் பாதி முகம். மீதியைக் கிதார் மறைத்தது.
போதும் என்றான் இவன்.

நான் டிரம்ஸ்.
நாற்பது வருஷம் அவன் முதுகைப் பார்த்தவன்.
தோள் எப்போது ஏறும்,
ஏறினால் எத்தனை எண்ணி முடித்ததும் இறங்கும்,
எனக்குத்தான் தெரியும்.
அவன் மனைவிக்கு முன்பக்கம்தான் பழக்கம்.

முதல் குழு, நண்டுகள்.
தாமுவேயில் ஒரு கோயில் கூடம்.
வால்வு ரேடியோவின் வயிற்றைக் கீறி ஆம்ப் செய்தோம்.
அது பாட்டுக்கு நடுவே செய்தியும் வாசித்தது.
நெல் கொள்முதல் இத்தனை லட்சம் கூடை என்று
ஒரு பெண்குரல் சொல்லச் சொல்ல
அதற்கும் சேர்த்து ஒரு கம்பியை வளைத்தான்.
கைதட்டினார்கள்.
நெல்லுக்கா அவனுக்கா, இன்றுவரை தெரியாது.

அடுத்தது, பதினோராவது மாடி.
எங்கள் தெருவில் ஆறாவது மாடிக்கு மேல் காக்கைதான்.
பாடகன் கோ நியோ வெளிநாட்டு மெட்டுகளுக்கு
பர்மியச் சொல் தைத்துப் போடுவான்.
கிதார் சோலோவையும் அப்படியே அடி என்றான்.
"சட்டை உன்னுது, முதுகு என்னுது"
என்றான் எத்திராஜ்.
மூன்று கேசட்.
மூன்றாவதில் கோ நியோவுக்குக் கார்,
எங்களுக்கு ஆளுக்கொரு மூட்டை அரிசி.

எண்பத்தெட்டில் குழு இல்லை.
கீபோர்டுக்காரன் எல்லைக்குப் போனான்.
மறு வருஷம் மியாவடி வழியாக
வெற்றிலைக் கூடைக்குள் ஒரு ஃபஸ் பெடல் வந்தது.
சீட்டு எதுவும் இல்லை.
எத்திராஜ் அதை மிதிக்கும்போதெல்லாம்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிதிப்பான்.

பிறகு ஹோட்டல் குழு, கல்யாணக் குழு,
பெயர் வைக்க மறந்துபோன ஒரு குழு.
ஒரு நாள், "தனியா ஒண்ணு போடறேன், நீ மட்டும் பின்னாடி இரு."

பாடலே இல்லாத கேசட். பத்து உருப்படி.
தணிக்கையில் பாடல்வரி ஐந்து பிரதி கேட்டார்கள்.
ஐந்து வெள்ளைத்தாள் நீட்டினான்.
பொருளாவது எழுதி வா என்றார்கள்.
மூன்று நாள் யோசித்தான்.
மேடையில்கூட அப்படி வியர்த்ததில்லை.
நாலாம் நாள், உருண்டை உருண்டையாய் பர்மிய எழுத்தில்:

கரண்ட் வந்தது.
கரண்ட் போனது.

இரண்டாவது வரியை நீக்கவும் என்று
சிவப்பு மையில் திரும்பியது.

வரியே இல்லாததில் எது இரண்டாவது வரி?
டேப்பை ஓட்டினோம், நிறுத்தினோம், ஓட்டினோம்.
இங்கேயா என்பேன்.
"இல்ல, இது இன்னும் வந்துக்கிட்டிருக்கு" என்பான்.
விடியும் நேரம், எட்டாவது உருப்படியில்,
விரல் ஏறி ஏறிக் கிதாரின் கழுத்து முடிந்துபோகும் இடம்,
பதினோரு விநாடி,
பிளேடால் வெட்டினான்.
துண்டைச் சட்டைப்பையில் போட்டான்.
சட்டை சலவைக்குப் போயிருக்கும்.

விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் என் கட்டிலுக்கு அடியில்.
மழைக்காலத்தில் லேசாகப் புளிப்பு வாடை.

போன மாசியில் பஸுன்டவுங்கில் ஒரு கல்யாணம்.
பிரியாணி பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள்,
யாரும் மேடையைப் பார்க்கவில்லை.
எட்டாவதை எடுத்தான்.
ஏறினான், ஏறினான்,
கழுத்து முடியும் இடத்தில்
கரண்ட் போனது.

டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம்.
ஆனாலும் என் கை நின்றுவிட்டது.
விசிறிகள் அடங்கின. யாரோ ஜெனரேட்டருக்கு ஓடினார்கள்.
அந்த இருட்டில்
அவன் நிறுத்தவில்லை.
ஆம்ப் இல்லாமல், பெடல் இல்லாமல்,
வெறும் கம்பி. கொசு அளவு.
முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.
எத்தனை விநாடி என்று நான் எண்ணவில்லை.

விளக்கு எரிந்தபோது தோள் இறங்கியிருந்தது.
பெண்ணின் மாமா கறிக்கையோடு வந்து
ஏன் நிறுத்திட்டீங்க என்றார்.

எத்திராஜ் திரும்பி என்னைக் காட்டினான்.
"இவன்தான்."