நூற்றுக்கு எட்டு

சிப்காட்டில் மூன்றாம் டிரம் என்னுடையது.
நீலம் ஏறிய ஆட்டுத்தோல்கள்
அதற்குள் விழுந்து எழுந்து விழும்.
எனக்கு முந்தைய மெஷின்
ஆடு ஆயுசெல்லாம் சேர்த்த கொழுப்பை
ஒரே இழுப்பில் வழித்துத் தள்ளிவிடும்.
வழித்த இடத்தில் திருப்பி ஊற்றுவது என் வேலை.
வெந்நீரில் பால்போலக் கலக்கிய எண்ணெய்,
தோல் எடைக்கு நூற்றுக்கு எட்டு.
குறைந்தால் மடித்த இடத்தில் வெடிக்கும்.
கூடினால் தொளதொளத்து
கையில் பிசுக்காக ஒட்டும்.

பதினேழு வருஷம் இதை அளந்தவன்தான்,
முத்துக்கடை மருந்துக்கடை மெஷின்
தொண்ணூற்றாறு என்று சீட்டு துப்பியதும்
வீட்டு எண்ணெய் டின்னைப் பரண்மேல் ஏற்றினேன்.

யமுனா ஒன்றும் சொல்லவில்லை.
வெறுஞ்சட்டியில் போட்ட கடுகு
வெடிக்கத் தெரியாமல் கருகியது.
முள்ளுக்கத்திரிக்காயைத் தணலில் சுட்டு
உப்பு தடவி வைத்தாள்.
புளி தடவி எண்ணெயில் சுருட்டினால்
தெருவே திரும்பிப் பார்க்கும் காய் அது.
சாதுவாக, சாம்பல் வாசனையோடு
தட்டில் படுத்திருந்தது.

நாற்பது நாள்.
மூன்று கிலோ போனது, ரெண்டு திரும்பி வந்தது.
வந்த வழி எனக்குத் தெரியும்.
ராத்திரி பதினோரு மணிக்கு, விளக்கு போடாமல்,
எண்ணெய் இல்லாத பண்டம் என்று நானே சொல்லிக்கொண்டு
பாக்கெட் பாக்கெட்டாக ரஸ்க்.
பின்பக்கச் சின்ன எழுத்தை
ஒருநாள் கண்ணாடி போட்டுப் படித்தேன்.
இருந்தது, அதிலும்.

குதிகால் பிளந்தது.
விரல் முட்டிகள் வெள்ளைவெள்ளையாய்ச் செதில் விட்டன.
இம்தியாஸ் பாய் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.
“இன்னா மணவாளா,
ஆயில் விட்டுப்போன லாட்டு மாதிரி கீற?”

வேலூரில் மூணாவது மாடி.
கத்திரி வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.
பெனினா மேடம் என் ஃபைலைப் புரட்டிவிட்டு
என்ன வேலை என்றார்.
சொன்னேன்.
எட்டு சதவீதம் வரைக்கும் சொன்னேன்.
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்,
கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும்.

“ஆட்டுக்குத் தெரிஞ்ச நியாயம்
உங்களுக்குத் தெரியலையே.
ஒரு நாளைக்கு நாலு டீஸ்பூன், தலைதட்டி,
தாளிப்பு, தோசை, எல்லாம் சேர்த்து.
கைப்பிடி வேர்க்கடலை தின்னா
மூணு ஸ்பூனைக் கழிச்சுக்குங்க.
கீரையில இருக்கிற சத்துல பாதி
எண்ணெயில ஏறித்தான் உள்ள போகும்.
பஸ் இல்லாம முத்துக்கடைக்கு எப்படிப் போவீங்க?
குறைக்க வேண்டியது அந்த ரஸ்க்கை.
அப்புறம் ரெண்டாவது தடவை போடுற சோற்றை.”

ரஸ்க்கைப் பற்றி நான் வாய்திறக்கவே இல்லை.
எல்லாரும் தின்பார்கள்போல.

திரும்பி வரும் பஸ்ஸில்
பாலாற்றுப் பாலம் நீளமாக, தண்ணீரில்லாமல் வந்தது.
டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.
நாலு ஸ்பூன் இருபது மில்லி,
முப்பது நாளைக்கு அறுநூறு.
அடியில் மொத்தம் என்று எழுதப் போனவன் நிறுத்தினேன்.
வீட்டில் ஆள் மூன்று.

கிருபா ஹாஸ்டல் போனபிறகு ரெண்டு.
என்னோடு சேர்ந்து
அதே சுட்ட காயை, அதே கருகிய கடுகை
நாற்பது நாளும் தின்றவள்
நாற்பத்தாறு கிலோ.
அவளுக்கு யாரும் ஃபைல் போடவில்லை.
பாத்திரம் துலக்குகிற கையை
நான் திருப்பிப் பார்த்ததில்லை.

டின்னை இறக்கினேன்.
காலி மருந்து பாட்டிலில் பேனாவால் கோடு கிழித்தேன்,
எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று,
அவளுடையது விரலளவு மேலே.
“எனக்கு எதுக்குக் கோடு?” என்றாள்.
“நான் என்ன இளைக்கணும்னா கேட்டேன்?”

கேட்கவில்லை.
அதுதான் தொண்டையில் நின்றது.

சட்டி காய்ந்தது.
ஒரு ஸ்பூன், தலைதட்டி.
கடுகைப் போட்டுவிட்டு
ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.