இறக்கம்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பதினாலாவது கொண்டை ஊசியில் பிரேக் பிடித்தால்
முன்ஃபோர்க் அடிமட்டம் தொட்டு
'டங்' என்கிறது.
மூன்று மழைக்காலமாகக் கேட்கிறேன்.
வண்டியைத்தான் குறை சொன்னேன்.

சூரமங்கலம் பட்டறையில்
தஸ்தகீர் முதலில் கேட்டது
வண்டி எத்தனை கிலோமீட்டர் என்றல்ல,
நான் எத்தனை கிலோ என்று.
"எண்பத்திரண்டு."
டியூப் லைட்டைப் பார்த்துச் சொன்னேன்.

நான் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரன்.
ஜவ்வரிசி மூட்டை
தோளுக்கு வரும்போதே
அரைக் கிலோ குறைந்தாலும் சொல்லிவிடுவேன்.
ஈரம் ஏற்றி எடை காட்டிய
ஆத்தூர் ஆலைக்காரர் ஒருவரை
தராசுக்கு முன்னால் பதில் சொல்ல
நிற்க வைத்திருக்கிறேன்.

தஸ்தகீர் மறுத்துப் பேசவில்லை.
பின் அச்சிலிருந்து சீட்டு விளிம்புக்கு
டேப்பை இழுத்தான்.
ஆளில்லாமல் ஓர் அளவு.
ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு
நான் உட்கார்ந்த பிறகு ஓர் அளவு.
எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினான்.
"மண்டியிலேர்ந்து ஒரு மூட்டை கொண்டாங்கண்ணே,
தொண்ணூறு கிலோ மூட்டை."

மறுநாள்
சீட்டில் ஜவ்வரிசி.
கயிறு போட்டுக் கட்டி
பக்கத்துக்கு ஓராள் பிடித்து
மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருந்தது.
அறுபத்தொன்பது மில்லி இறங்கியது.
முந்தின நாள் நான் இறங்கியது
எழுபத்தெட்டு.
பூட்ஸைக் கழித்துப் பார்த்தேன்,
ஜாக்கெட்டையும் கழித்தேன்.
கணக்கு உதைத்தது.
பட்டறைப் பையன் மட்டும் சிரித்தான்.

"எந்த ஒல்லிப் பையனையோ மனசுல வெச்சு
கம்பெனிக்காரன் சுத்தின ஸ்பிரிங்குண்ணே இது.
உங்க மேல தப்பில்ல."

கழற்றிக் கொட்டிய ஃபோர்க் ஆயில்
மழைநாள் குமரகிரி ஏரியின் நிறம்.
புது ஸ்பிரிங் கட்டை விரலுக்கு மசியவில்லை.
விலை கேட்டபோது
நானே கொஞ்சம் இறங்கினேன்.

குப்பனூர் வழியாக ஏறிப் பார்த்தேன்.
கொட்டச்சேட்டுக்குக் கீழே பெயர்ந்த தார்
பெயர்ந்தபடியே கிடந்தது,
ஒரு குழியும் குறையவில்லை.
இத்தனை நாள் கத்திச் சொன்னதை
இப்போது
பக்கத்தில் வந்து சொல்கிறது சாலை.
சக்கரம் கல்லேறி இறங்குகிறது.
என் தோளுக்குச் சேதி வந்து சேர்வதற்குள்
அடுத்த கல்.

ஞாயிறு பூங்கோதை கிளம்பி வந்தாள்.
குனிந்து பின்பக்கக் குமிழைத் திருகினேன்.
"என்னது அது?"
"உன் எடைக்கு. அறுபத்திரண்டுதானே?
எட்டு கிளிக் போதும்."

ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்தாள்.
சரியாக இருந்த பட்டையை
மறுபடியும் சரிசெய்தாள்.
பிறகு
தூரத்து வெள்ளைக்கல் குவாரியிடம் சொல்வதுபோல
"இன்னும் ரெண்டு திருப்பு" என்றாள்.

மூன்று திருகிவிட்டு
"ரெண்டு" என்றேன்.