உச்ச வெள்ள மட்டம்

பதினேழாம் கேள்வி:
ஆண்டில் எத்தனை நாள் நீரோட்டம்?
பேனாவை மூடிக்கொண்டு
விருதம்பட்டுப் பக்கம் சரிவில் இறங்கினேன்.
பாலாற்றில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாம் தூணில் கரிக்கோடு இழுத்தது ஸ்டம்ப்.
பந்து தண்ணீரில் விழுந்தால் அவுட் என்றொரு விதியும் உண்டாம்,
இதுவரை யாரும் அவுட் ஆனதில்லை.

மேலே லாரி போகும்போதெல்லாம்
பாலம் பல் கூசியதுபோல் சிலிர்க்கிறது.
காரை உதிர்ந்த இடத்தில் கம்பி.
இதை இடித்து, அகலமாய் இன்னொன்று.
அதற்குமுன் பதினோரு தடையின்மைச் சான்று,
ஒவ்வொன்றும் மூன்று நகல்.
நான் ஒப்பந்த ஊழியை. நாளுக்கு அறுநூறு,
வெயிலுக்குத் தனிப்படி இல்லை.

பதினெட்டு: கட்டுமானப் பகுதியில் வாழும் உயிரினங்கள்.
பாலத்தின் அடிவயிற்றில் தகைவிலான் மண்கூடுகள்
இருநூற்றுப் பன்னிரண்டு.
கழுத்து வலித்ததால் இன்னொரு முறை எண்ணவில்லை.
ஓணான், கீரி, பெயர் தெரியாத ஒரு தும்பி.
நிழலில் லாட்ஜ் பெட்ஷீட் அலசும் தேசிங்கு,
அவர் மனைவி கஸ்தூரி.
மனிதர்களுக்கு வேறு படிவம்.

"தண்ணி எங்க எடுக்கறீங்க?"
உறை இறக்கிய குழியைக் காட்டினார்.
ஆள் ஆழத்தில் ஒரு கறுத்த கண் இமைத்தது.
"ஆறு ஓடிகினுதான் கீது மேடம்.
நீங்க மேல நின்னுகினு தேடறீங்க."
ஆய்வகத்துக்கு ஒரு லிட்டர் மொண்டேன்.
தோல் ஷெட் வாடை லேசாக.
சீட்டில் 'மேற்பரப்பு நீர்' என்று அச்சாகியிருந்தது.
முதல் சொல்லை அடித்தேன்.

வெள்ளம் எவ்வளவு வந்தது என்று கேட்டதற்கு
ஐந்தாம் தூணுக்கு அழைத்துப் போனார்.
ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில்
ஆணியால் கீறிய கோடு.
"விடிகாலம் நாலரை. எழுவத்தாறு பெட்ஷீட் போச்சு.
ஆஸ்பத்திரிக்கு வந்த வடநாட்டு ஜனம் படுக்கற துணி.
லாட்ஜ்காரன் பாதிய என் கணக்குல எழுதிட்டான்.
தண்ணி வடிஞ்சதும் வந்து கீறினேன்.
யாராச்சும் கேப்பாங்கன்னு."

கேட்க எனக்கு இத்தனை வருடம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் மணமக்கள் பெயர் இன்னும் தெர்மோகோலில்.
மைக் கூவியது. இரும்புக் கடை சலாவுதீன்
நஷ்ட ஈடு எவ்வளவு என்றார், இரண்டு தடவை.
ஆம்புலன்ஸ் ஓட்டும் எபிநேசர் எழுந்தார்:
"போன மாசம் நாப்பது நிமிஷம் பாலத்து மேல நின்னேன்.
உள்ள ஒரு பொண்ணு, வலி.
பறவை, மீன், எல்லாத்தையும் கேளுங்க சார்.
சீக்கிரமா கேளுங்க."
யாரும் கை தட்டவில்லை.
நான் குனிந்து என் காகிதங்களை அடுக்கினேன்.

கடைசியாய் தேசிங்கு.
"தூண இடிக்கச்சொல்ல என் கோட்ட இன்னா பண்ணுவீங்க?"
மண்டபம் சிரித்தது.
எழுத்தர் பதிந்தார்: மனுதாரர் கோடு கோருகிறார்.

அன்றிரவு வரைபடத்தை விரித்து
அளந்த எண்ணை அதன்மேல் வைத்தேன்.
புதுப் பாலத்தின் அடிப்பாகம்
ஆணிக்கோட்டுக்கு ஒரு சாண் கீழே.
டேப் தவறோ என்று
மறுநாள் கஸ்தூரியை ஏணி பிடிக்கச் சொல்லி
மறுபடி அளந்தேன்.
ஒரு சாண்தான். சற்றுக் கூடவே இருக்கலாம்.

கோப்பு பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தது.
ஓரத்தில் பச்சை மை: 'ஆதாரம் இணைக்கவும்.'
இன்னும் எத்தனை மாதம் பாலம் சிலிர்த்தபடி நிற்கும்,
எபிநேசர் ஹாரன் அடித்தபடி நிற்பார்,
தெரிந்தேதான் இணைத்தேன்.

இணைப்பு ஏழு: நிழற்படம்.
சிமெண்டில் ஒரு கீறல்.
பக்கத்தில், அளவு தெரிவதற்காக,
சோடா உப்பில் வெளுத்த ஒரு கை.

பதினேழாம் கேள்வி
இன்னும் காலி.